டேவிட் சாசூன்

டேவிட் சாசூன் (அக்டோபர் 1792 – நவம்பர் 7, 1864) பாக்தாத்தில் பிறந்து பம்பாயில் (இன்றைய மும்பை) வாழ்ந்த யூத வணிகரும் கொடையாளரும் ஆவார். பம்பாயின் பாக்தாதி யூதச் சமூகத்திற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைமை தாங்கினார். இவர் தோற்றுவித்த டேவிட் சாசூன் நிறுவனம் இந்தியா, சீனா, பாரசீக வளைகுடா, இங்கிலாந்து ஆகியவற்றை இணைத்த பெரும் வணிக வலையமைப்பாக வளர்ந்தது. சீனாவின் ஹாங்காங், ஷாங்காய் நகரங்களில் 19ஆம் நூற்றாண்டில் உருவான யூதக் குடியிருப்புகள் இந்நிறுவனத்தின் கிளைகளைச் சுற்றியே தோன்றின. இவரது செல்வத்தில் பெரும்பகுதி பருத்தி, துணி, அபின் ஆகியவற்றின் வணிகத்தால் வந்தது. மும்பையிலும் புனேயிலும் இவர் பெயர் தாங்கிய நூலகம், மருத்துவமனை, தொழுகைக் கூடம் முதலியவை இன்றும் உள்ளன.

பிறப்பும் குடும்பமும்

டேவிட் சாசூன் உதுமானியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பாக்தாத் நகரில் பிறந்தார். தந்தையார் சாலே சாசூன், பாக்தாத் ஆளுநர்களான பாசாக்களின் தலைமைக் கருவூலக்காரராகப் பணியாற்றியவர். நகரின் யூதச் சமூகத்திற்கு நாசி எனப்படும் தலைவராகவும் அவர் விளங்கினார். பாக்தாத் யூதர்கள் தம் மரபைப் பண்டைய பாபிலோனிய யூதர்களிடமிருந்து தொடங்குவர். வட்டித் தொழில், நாணய மாற்று, தொலைதூர வணிகம் ஆகியவற்றில் அவர்களுள் பலர் தேர்ந்திருந்தனர்.

டேவிட் இளமையிலேயே எபிரேயம், அரபு, துருக்கியம், பாரசீகம் ஆகிய மொழிகளைக் கற்றார். பின்னாளில் இந்துஸ்தானியும் பேசினார். 1818இல் பாசுராவைச் சேர்ந்த ஹன்னாவை மணந்தார். அவர் மூலம் ஆல்பர்ட் எனப் பின்னர் அறியப்பட்ட அப்துல்லா, எலியாஸ் என்னும் இரு ஆண்மக்களும் இரு பெண்மக்களும் பிறந்தனர். 1826இல் ஹன்னா இறந்தபின் ஃபர்ஹாவை மணந்தார். இவ்விரு மணங்களிலும் சேர்த்து இவருக்கு எட்டு ஆண்மக்கள் இருந்தனர். வணிகத்தில் நம்பகமான ஆட்கள் கிடைப்பது அரிதாக இருந்த அக்காலத்தில், கிளைகளை நடத்தத் தம் மக்களையே அனுப்ப முடிந்தது இவருக்குப் பெரும் வலிமையாக அமைந்தது.

பாக்தாத்திலிருந்து வெளியேறுதல்

பாக்தாத்தை ஆண்ட மம்லூக் ஆளுநர் தாவூத் பாசாவின் காலத்தில் செல்வந்த யூதக் குடும்பங்கள் கடும் நெருக்கடிக்கு உள்ளாயின. பணம் பறித்தல், சிறையிடல் ஆகியவை மிகுந்தன. சாலே சாசூன் தம் பதவியை இழந்தார். 1820களின் இறுதியில் தந்தையும் மகனும் பாரசீக வளைகுடாவின் மறுகரையிலுள்ள புஷேர் துறைமுகத்திற்குத் தப்பிச் சென்றனர். 1830இல் சாலே சாசூன் அங்கேயே மறைந்தார்.

புஷேரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகம் இருந்தது. பம்பாயிலிருந்து வரும் கப்பல்கள் அங்கு நின்று சென்றன. அங்குச் சிறு அளவில் வணிகம் தொடங்கிய டேவிட், பம்பாயின் வளர்ச்சியை அறிந்து 1832இல் தம் குடும்பத்துடன் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 40.

பம்பாயில் வணிகம்

பம்பாயின் வணிகம் அக்காலத்தில் பெரும் மாற்றத்தின் விளிம்பில் இருந்தது. இந்திய வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை 1813இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் சீன வணிகத்திலும் அத்தனியுரிமையை நீக்கியது. இதனால் தனியார் வணிகர்கள் சீனாவுடன் நேரடியாக வணிகம் செய்யும் வாய்ப்புப் பெற்றனர். ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முதலிய பார்சி வணிகர்கள் இத்துறையில் ஏற்கனவே முன்னணியில் இருந்தனர்.

டேவிட் சாசூன் தொடக்கத்தில் தமக்குப் பழக்கமான வளைகுடா வணிகத்தையே மேற்கொண்டார். மான்செஸ்டர் ஆலைத் துணிகளைப் பாரசீகத்திற்கும் மெசொப்பொத்தேமியாவிற்கும் அனுப்பி, அங்கிருந்து கம்பளி, குதிரை, பேரீச்சை போன்றவற்றைத் தருவித்தார். கப்பல் மூலம் வரும் பொருள்களை வாங்கிச் சேமித்து வைக்கக் கிடங்குகளும் கப்பல் துறைகளும் தம் கைவசம் இருக்க வேண்டும் என்பதில் கவனம் செலுத்தினார்.

நிறுவனத்தின் உள்கடிதங்கள் எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு மொழியில் அமைந்தன. இது பாக்தாத் யூதர்களின் வழக்கு. வேற்று வணிகர்கள் இக்கடிதங்களைப் படித்தறிய இயலாது என்பதால் இது வணிக மறைமொழியாகவும் பயன்பட்டது. ஓய்வு நாளான சனிக்கிழமைகளிலும் யூதத் திருநாள்களிலும் நிறுவனம் மூடப்பட்டது. 1853இல் டேவிட் சாசூன் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். அவர் ஆங்கிலம் அறியாதவர்; எனவே உரிய ஆவணத்தில் எபிரேய எழுத்திலேயே கையொப்பமிட்டார். 1857ஆம் ஆண்டு எழுச்சியின்போது ஆங்கிலேய அரசின் பக்கமே நின்றார்.

இந்திய யூதர்களிடையே

டேவிட் சாசூன் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியாவில் யூதர்கள் வாழ்ந்து வந்தனர். கொச்சியில் மலையாளம் பேசிய யூதர்களும், கொங்கணக் கடற்கரையில் மராத்தி பேசிய பெனே இஸ்ரேல் எனப்படுவோரும் அவர்களுள் முக்கியமானவர்கள். தமிழகத்தில் 17ஆம் நூற்றாண்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை அடுத்து, பவளத்தைத் தருவித்துக் கோல்கொண்டா வைரத்தை ஏற்றுமதி செய்த போர்த்துக்கேய மரபு யூத வணிகர்கள் வாழ்ந்தனர். பின்னர் அச்சமூகம் மெல்ல அருகிவிட்டது.

பாக்தாத், பாசுரா, அலெப்போ முதலிய நகரங்களிலிருந்து வந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறியோர் பாக்தாதி யூதர்கள் என அழைக்கப்பட்டனர். டேவிட் சாசூனின் வருகைக்குப் பின் பம்பாயில் இவர்களின் எண்ணிக்கை பெருகியது. தாயகத்திலிருந்து வந்த ஏழை இளைஞர்களுக்கு இவர் உணவும் உறையுளும் அளித்தார். தாம் நடத்திய பள்ளியில் எபிரேயம், அரபு, ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைக் கற்பித்து அவர்களைத் தம் நிறுவனத்தில் எழுத்தர்களாக அமர்த்தினார். எனினும் பாக்தாதி யூதர்கள் காலப்போக்கில் ஆங்கிலேயரோடு தம்மை இணைத்துக் காணவே விரும்பினர். மண உறவிலும் வழிபாட்டிலும் பெனே இஸ்ரேல் மக்களிடமிருந்து விலகியே இருந்தனர். இவ்விலகல் இரு சமூகங்களுக்கும் இடையே நீண்டகாலக் கசப்பை உண்டாக்கியது.

சீன வணிகமும் அபினும்

சீனத்தின் தேயிலைக்கும் பட்டிற்கும் ஐரோப்பாவில் பெரும் தேவை இருந்தது. ஆனால் ஐரோப்பியப் பொருள்களுக்குச் சீனாவில் தேவை குறைவு. வெள்ளியைக் கொடுத்தே தேயிலை வாங்க வேண்டியிருந்த இந்நிலையை மாற்றியது இந்திய அபின் ஆகும். கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் பாலை உலர்த்திச் செய்யப்படும் அபின், இரு வழிகளில் சீனா சென்றது. வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்தது கம்பெனியின் தனியுரிமையாக இருந்து கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டது. மத்திய இந்தியச் சுதேச அரசுகளில் விளைந்த மாளவ அபின், கம்பெனிக்குச் சுங்கம் செலுத்தப்பட்டுப் பம்பாய் வழியே ஏற்றுமதியானது. 1843இல் சிந்து மாகாணம் ஆங்கிலேயர் வசமானதும் மாற்று வழி அடைபட்டு, மாளவ அபின் முழுவதும் பம்பாயையே சார்ந்தது.

சீன அரசு 1729 முதலே அபினுக்குத் தடை விதித்திருந்தது. 1839இல் ஆணையர் லின் சேசூ காண்டன் (இன்றைய குவாங்சோ) அருகே வணிகர்களிடமிருந்து கைப்பற்றிய ஏறத்தாழ 20,000 பெட்டி அபினை அழித்தார். அதைத் தொடர்ந்து நிகழ்ந்த முதலாம் அபின் போரில் சீனா தோற்றது. 1842ஆம் ஆண்டு நான்கிங் ஒப்பந்தப்படி ஹாங்காங் தீவு பிரித்தானியருக்கு வழங்கப்பட்டது. ஷாங்காய், காண்டன் உள்ளிட்ட ஐந்து துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டன.

இவ்வாய்ப்பை டேவிட் சாசூன் உடனே பயன்படுத்திக்கொண்டார். 1844இல் தம் இரண்டாம் மகன் எலியாஸைச் சீனாவிற்கு அனுப்பினார். எலியாஸ் முதலில் காண்டனிலும் பின்னர் ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் நிறுவனத்தின் அலுவல்களைத் தொடங்கினார். மற்ற ஆண்மக்களும் முறைவைத்துச் சீனக் கிளைகளில் சில ஆண்டுகள் பணியாற்றினர். இரண்டாம் அபின் போரின்போது 1858இல் ஏற்பட்ட உடன்பாட்டினால் அபின் இறக்குமதி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதன்பின் சாசூன் நிறுவனத்தின் பங்கு வேகமாக உயர்ந்தது.

ஜார்டின் மாத்தீசன் முதலிய ஸ்காட்லாந்து நிறுவனங்கள் இந்திய இடைத்தரகர்களின் சரக்கைத் தரகு பெற்று விற்றுவந்தன. சாசூன் நிறுவனமோ மாளவத்து உற்பத்தியாளர்களுக்கும் வணிகர்களுக்கும் முன்பணம் கொடுத்து, விளைச்சல் நிலையிலேயே சரக்கைத் தன்வசப்படுத்தியது. இதனால் கொள்முதல் விலை குறைந்தது. போட்டியைத் தாங்க இயலாமல் ஜார்டின் மாத்தீசன் நிறுவனம் 1870களின் தொடக்கத்தில் அபின் வணிகத்தைக் கைவிட்டது.

சீனாவில் யூதக் குடியிருப்புகள்

யூத சமய முறைப்படி பொது வழிபாட்டிற்குப் பருவமெய்திய ஆண்கள் பத்துப் பேராவது கூடியிருக்க வேண்டும். முறைப்படி அறுக்கப்பட்ட இறைச்சி, தனி இடுகாடு ஆகியவையும் இன்றியமையாதவை. எனவே சீனாவிற்குச் சென்ற சாசூன் நிறுவன ஊழியர்களோடு, ஒரு சமூகம் இயங்கத் தேவையான அமைப்புகளும் சென்றன. ஹாங்காங்கில் 1855இலும் ஷாங்காயில் 1862இலும் யூத இடுகாடுகள் ஏற்பட்டன. தொடக்கத்தில் வழிபாடு வாடகை அறைகளிலும் வீடுகளிலும் நடந்தது. தொழுகைக் கூடங்கள் பின்னர் எழுந்தன. பம்பாயிலிருந்து ஷாங்காய் வரை எந்த நகரில் இறங்கினாலும் ஒரு பாக்தாதி இளைஞனுக்கு வேலை, உணவு, வழிபாடு ஆகிய மூன்றும் கிடைத்தன எனலாம்.

இவர்கள் சீனாவில் வாழ்ந்த முதல் யூதர்கள் அல்லர். ஹெனான் மாகாணத்தின் கைஃபெங் நகரில் சொங் மரபினர் காலத்திலேயே யூதர்கள் குடியேறியிருந்தனர். அங்கு 1163இல் தொழுகைக் கூடம் ஒன்று கட்டப்பட்டதாக அவர்களது கல்வெட்டு கூறுகிறது. 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தம் சமயம் தியன்சூ நாட்டிலிருந்து வந்ததாகவும், முன்னோர் மேற்கத்தியத் துணிகளைப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொணர்ந்ததாகவும் குறிப்பிடுகிறது. தியன்சூ என்பது பழஞ்சீனத்தில் இந்தியாவைக் குறிக்கும் பெயராகும். எனினும் அவர்களது ஏடுகளில் பாரசீகச் சொற்கள் காணப்படுவதால், அவர்கள் பாரசீகத் தொடர்புடையோர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1605இல் அச்சமூகத்தைச் சேர்ந்த ஐ தியன் என்பவர் பீக்கிங்கில் இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சியைச் சந்தித்த பின்னரே ஐரோப்பியர் அவர்களைப் பற்றி அறிந்தனர்.

கைஃபெங் யூதர்கள் சீன மொழி பேசி, சீனப் பெயர் சூடி, சீனரோடு மணவுறவு கொண்டனர். சீன அரசுத் தேர்வுகள் எழுதி அலுவலர்களாகவும் ஆயினர். அவர்களுக்கு அங்குத் துன்புறுத்தல் நேரவில்லை. ஆயினும் வெளியுலக யூதர்களுடன் தொடர்பு அற்றுப்போனதாலும், மஞ்சள் ஆற்றின் வெள்ளத்தாலும் வறுமையாலும் சமய அறிவு தேய்ந்தது. சாசூன் மக்கள் ஷாங்காயில் வணிகம் நடத்திக்கொண்டிருந்த 1850-51இல், கிறித்தவச் சமயப் பரப்பாளர்களின் சீனத் தூதர்கள் கைஃபெங் சென்று தோரா சுருள்களை விலைக்கு வாங்கி வந்தனர். 1860களில் அங்குத் தொழுகைக் கூடமே இல்லாமற்போனது.

பாக்தாதி யூதர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்கள் பிரித்தானியரின் பாதுகாப்பில் ஒப்பந்தத் துறைமுகங்களில் வாழ்ந்தனர். சீனச் சட்டம் பிரித்தானியக் குடிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அவர்களுள் மிகச் சிலரே சீன மொழி கற்றனர் அல்லது சீனரை மணந்தனர். இவ்விரு சமூகங்களும் ஒரே நாட்டில் வாழ்ந்தும் நெடுங்காலம் தொடர்பின்றி இருந்தன. 1900இல்தான் ஷாங்காய் யூதர்கள் கைஃபெங் யூதர்களை மீட்பதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டில் கைஃபெங்கிலிருந்து சிலர் ஷாங்காய் வந்து சேர்ந்தனர். எனினும் போதிய பொருளுதவி திரளாமையால் அம்முயற்சி பெரும் பயன் தரவில்லை.

அறப்பணிகள்

யூத மரபில் வருவாயில் பத்தில் ஒரு பங்கை அறத்திற்கு ஒதுக்குவது கடமையாகக் கருதப்படுகிறது. டேவிட் சாசூனின் கொடைகளில் யூதர்களுக்கானவையும் அனைத்து மக்களுக்கானவையும் அடங்கும். அவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

மாகென் டேவிட் தொழுகைக் கூடம்: பம்பாய் பைகுல்லாவில் 1860களின் தொடக்கத்தில் பாக்தாதி யூதர்களுக்காகக் கட்டப்பட்டது.

ஓஹெல் டேவிட் தொழுகைக் கூடம்: புனேயில் 1863இல் தொடங்கப்பட்டு, இவரது மறைவுக்குப் பின் 1867இல் நிறைவுற்றது. செங்கல்லால் ஆன உயர்ந்த கோபுரம் உடையது. செந்நிறக் கோயில் என்னும் பொருளில் மராத்தியர் இதனை லால் தேவள் என அழைப்பர்.

சாசூன் மருத்துவமனை: புனேயில் இவரது கொடையால் எழுந்து 1867இல் திறக்கப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி ஏழைகளுக்கு மருத்துவம் அளிக்கும் நோக்குடையது. இன்று அரசு மருத்துவமனையாக பி. ஜே. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து இயங்குகிறது.

டேவிட் சாசூன் நூலகம்: பம்பாய் நாணயச்சாலை, அரசுக் கப்பல் தளம் ஆகியவற்றின் ஊழியர்கள் 1847இல் தொடங்கிய தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வளர்ந்தது. சாசூன் குடும்பக் கொடையின் துணையுடன் காலா கோடா பகுதியில் கட்டப்பட்ட இதன் கட்டடம் 1870இல் நிறைவுற்றது. சிற்பி தாமஸ் வூல்னர் செதுக்கிய டேவிட் சாசூனின் சிலை இங்குள்ளது.

சீர்திருத்தப் பள்ளி: குற்றம் புரிந்த சிறுவர்களைச் சிறையில் அடைக்காமல் தொழில் கற்பித்துத் திருத்தும் நோக்குடன் பம்பாயில் இயங்கிய பள்ளிக்குப் பேருதவி செய்தார். அது இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இறுதிக்காலம்

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குக் கிட்டவில்லை. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. 1858இலேயே தம் மகன் சாசூன் டேவிட் சாசூனை லண்டனுக்கு அனுப்பிக் கிளை தொடங்கியிருந்ததால், இப்பெருக்கத்தின் பயனை இந்நிறுவனம் முழுமையாக அடைந்தது. அதே வேளையில் பம்பாயில் பரவிய பங்குச் சூதாட்டத்திலிருந்து பெரும்பாலும் விலகியிருந்தது. 1865இல் போர் முடிந்து பருத்தி விலை சரிந்தபோது பம்பாயின் வங்கிகளும் வணிக நிலையங்களும் பல வீழ்ந்தன. சாசூன் நிறுவனம் நிலைத்தது.

அச்சரிவைக் காண டேவிட் சாசூன் உயிருடன் இல்லை. நவம்பர் 7, 1864 அன்று புனேயிலுள்ள தம் மாளிகையில் காலமானார். ஓஹெல் டேவிட் தொழுகைக் கூட வளாகத்தில் அவரது கல்லறை மண்டபம் அமைந்துள்ளது. இறுதிவரை அவர் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் கொண்ட பாக்தாத் உடையையே அணிந்துவந்தார்.

மறைவுக்குப் பின்

மூத்த மகன் ஆல்பர்ட் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். பம்பாய் கொலாபாவில் 1875இல் திறக்கப்பட்ட சாசூன் கப்பல்துறை அவரால் கட்டப்பட்டது. மற்றொரு மகன் ஆர்தர், ஹாங்காங் ஷாங்காய் வங்கியைத் தோற்றுவித்த முதற்குழுவில் இடம்பெற்றார். எலியாஸ் 1867இல் பிரிந்து, ஈ. டி. சாசூன் என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 1880இல் இலங்கையில் காலமானார். எலியாஸின் மக்கள் தம் தாய் லேயாவின் நினைவாக ஹாங்காங்கில் ஓஹெல் லேயா தொழுகைக் கூடத்தைக் கட்டினர். அது 1902இல் திறக்கப்பட்டது. அவர்களுள் ஜேக்கப் சாசூன் தம் மனைவியின் நினைவாக எழுப்பிய ஓஹெல் ராகேல் தொழுகைக் கூடம் ஷாங்காயில் 1920இல் நிறைவுற்றது.

சாசூன் நிறுவனங்களில் ஊழியர்களாகச் சேர்ந்து பின்னர் தனித்து வணிகம் செய்தோருள் சைலஸ் ஹார்தூன், எல்லி கதூரி ஆகியோர் ஷாங்காயின் பெருஞ்செல்வர்களாயினர். டேவிட் சாசூனின் கொள்ளுப்பேரரும் எலியாஸின் பேரருமான விக்டர் சாசூன் 1929இல் ஷாங்காயில் காத்தே உணவு விடுதியைத் திறந்தார். 1930களின் இறுதியில் நாசி செருமனியின் கொடுமைக்குத் தப்பி ஏறத்தாழ 20,000 யூத அகதிகள் ஷாங்காய் வந்தனர். அப்போது விக்டர் சாசூன் தம் கட்டடம் ஒன்றின் பகுதியை அவர்களுக்கு வரவேற்பிடமாக அளித்தார். நுழைவு அனுமதியின்றி இறங்கக்கூடிய துறைமுகம் உலகில் வேறெங்கும் அரிதாக இருந்த காலம் அது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறியபின் ஷாங்காய் யூதர்கள் ஏறக்குறைய அனைவரும் வெளியேறினர். ஓஹெல் ராகேல் கட்டடம் இன்றும் நிற்கிறது. பம்பாய் பாக்தாதி யூதர்களும் இந்திய விடுதலைக்குப் பின் பெரும்பாலும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் முதலிய நாடுகளில் குடியேறினர்.

முதல் உலகப்போரைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் சீக்ஃப்ரிட் சாசூன், டேவிட் சாசூனின் கொள்ளுப்பேரர் ஆவார். பம்பாயில் பிறந்து லண்டனில் இதழாசிரியராக விளங்கிய ரேச்சல் பியர் இவரது பேர்த்தி ஆவார்.

மதிப்பீடு

டேவிட் சாசூனைப் பற்றிய மதிப்பீடு இருவகைப்படும். ஏதிலியாக வந்து, தம் சமூகத்து ஏழைகளை வாழவைத்து, அனைத்துச் சமயத்தினருக்கும் மருத்துவமும் கல்வியும் அளித்த கொடையாளராக இந்திய மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர். சீன வரலாற்றிலோ அபின் வணிகம் நாட்டின் இழிவுக்கும் பல இலட்சம் குடும்பங்களின் சீரழிவுக்கும் காரணமாகக் கருதப்படுகிறது. அவ்வணிகம் அக்காலப் பிரித்தானியச் சட்டத்திற்கு உட்பட்டது என்பதும், அதன் பெரும் வருவாய் இந்திய அரசுக்கே சென்றது என்பதும் உண்மையே. ஆனால் அதன் தீமை அக்காலத்தவர் அறியாதது அன்று. சீன அரசின் தடைகளும், இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பியக்கமும், தாதாபாய் நௌரோஜி போன்றோரின் கண்டனமும் இதைக் காட்டுகின்றன. 1907ஆம் ஆண்டு பிரித்தானிய–சீன உடன்பாட்டின்படி இந்திய அபின் ஏற்றுமதி ஆண்டுதோறும் குறைக்கப்பட்டு, அடுத்த பத்தாண்டிற்குள் முடிவுக்கு வந்தது.

புனேயின் மருத்துவமனையும் மும்பையின் நூலகமும் கட்டப்பட்ட செல்வத்தில் அபின் வருவாயும் கலந்துள்ளது. ஷாங்காயில் அகதிகளுக்குப் புகலிடமளித்த யூதச் சமூகம் வேரூன்றியதும் அதே வணிகத்தின் வழியேதான். எனவே இவரது வாழ்க்கையை ஆராய்வோர் கொடையையும் வணிகத்தையும் தனித்தனியே அல்லாமல் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.